முதல் பந்தி

தராசுக்கு லஞ்சம் கொடுக்க முடியாது, அதனிடம் பொய் சொல்ல முடியாது, அதற்கு மாமன் மச்சான் என்று யாரும் கிடையாது. கயல்தீவு நீள்கடல் கூட்டமைப்பில் சேர்ந்த வருஷம் எங்கள் வெளியுறவு அமைச்சர் ஊர் ஊராக வந்து இதைத்தான் சொன்னார். நாங்களும் கைதட்டினோம். கை வலிக்கிற வரைக்கும் தட்டினவர்களில் நானும் ஒருத்தி, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

தராசு ஒரு இயந்திரம். எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், நான் பார்த்ததில்லை. ஆர்டேன் நாட்டில் ஒரு பனிமலைக்கு அடியில் இருக்கிறது என்றார்கள். கூட்டமைப்பில் மொத்தம் பதினோரு நாடுகள், அதில் பெரியது ஆர்டேன், சின்னது நாங்கள். ஒருவரை அடித்தால் எல்லோரையும் அடித்த மாதிரி என்பது உடன்படிக்கை. சரி, அடித்தார்களா இல்லையா, ஓடி வர வேண்டுமா வேண்டாமா, இதை யார் முடிவு செய்வது? முன்காலத்தில் அரசியல்வாதிகள் கூடிப் பேசி இழுத்தடிப்பார்கள். இப்போது தராசு முடிவு செய்யும். அது சாய்ந்தால் ஆர்டேனின் போர்க்கப்பல்கள் அந்த நிமிஷமே கிளம்பும். யாரும் தடுக்க முடியாது. சாயவில்லை என்றால் யாரும் கிளப்பவும் முடியாது.

அது எதை நிறுக்கிறது என்பதை எனக்கு விளங்க வைத்தவர் டோரிக்.

டோரிக் ஆர்டேன்காரர். உடன்படிக்கை கையெழுத்தான ஆறாம் மாதம் அங்கேயிருந்து பன்னிரண்டு குடும்பங்கள், நாற்பது பேர், எங்கள் வடமுனை ஊருக்குக் குடிவந்தார்கள். அவர்கள் நாட்டில் குலுக்கல் போட்டு எடுத்த குடும்பங்கள். ‘சாட்சிக் குடும்பங்கள்’ என்று அரசாங்கக் காகிதத்தில் இருந்தது. அவர்களுடைய குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சாப்பாடு, துணி, மருத்துவர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் என் பொறுப்பு. வெளியுறவு அமைச்சகத்தின் சம்பளப் பட்டியலில் கடைசிப் பெயர் ஜெசிந்தா. அது நான்.

டோரிக் இயந்திரத்திடம் தமிழ் கற்றுக்கொண்டு வந்தவர். ஆகவே மேடைப் பேச்சாளர் மாதிரி பேசுவார். மனைவி லீனாவுக்கு நாலு வார்த்தைதான் வரும். மகள் மிரெல், ஒன்பது வயது, மூன்றே மாதத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கெட்ட வார்த்தை உட்பட எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை என் வீட்டில் தோசை தின்றுகொண்டே டோரிக் சொன்னார்.

“அம்மையீர், எங்கள் நாட்டில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை உண்டு. பிறந்த குழந்தைக்கும் உண்டு. ஒரு செய்தியைக் கேட்டு எத்தனை இதயங்கள் பதறுகின்றன என்பதைத் தராசு அறியும். போதுமான இதயங்கள் பதறினால் மட்டுமே போர். மக்களுக்கு வலிக்காத ஒன்றுக்காக மக்களின் பிள்ளைகளைச் சாக அனுப்பக்கூடாது அல்லவா?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. என் தங்கை பிரகாசி சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் சும்மா இருக்காது.

“அப்ப இங்க நாங்க செத்தா, அங்க அவுங்களுக்கு நெஞ்சு படபடக்கணுமாக்கும்? எனக்குக் காய்ச்சல்னா எங்க வீட்டுக்காரருக்கே படபடக்காது. போயி வல பின்னிக்கிட்டு உக்காந்திருப்பாரு.”

டோரிக் விழுந்து விழுந்து சிரித்தார். “அதனால்தானே எங்களை அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் இறந்தால் அங்கே பதறுமா என்பது ஐயம். நாங்கள் இறந்தால் பதறும்.” இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டினார். “நாங்கள் இங்கே இருக்கும்வரை உங்கள் மீது குண்டு போட எவனும் துணிய மாட்டான்.”

“அண்ணன் வாயில சர்க்கரையப் போடுக்கா” என்றாள் பிரகாசி. போட்டேன்.

கூட்டமைப்பில் சேர்வதற்கு முன்னால் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் எதிர்க்கரை. அவர்கள் நாட்டுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, நாங்கள் எதிர்க்கரை என்றே சொல்வோம். நடுவில் கொம்பன்பார் என்று ஒரு பாறைத்திட்டு, நல்ல மீன் கிடைக்கிற இடம். அவர்கள் படகும் போகும், எங்கள் படகும் போகும். சண்டை வரும், வலையை அறுப்பார்கள், அறுப்போம். வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் வெளியுறவு அமைச்சர் இரண்டு கூடை நெய்மீன் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய், இரண்டு நாள் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். பெரிதாக எதுவும் கொண்டுவர மாட்டார். ஆனால் அந்த வருஷம் யாரும் சுட மாட்டார்கள். கருவாட்டு மந்திரி என்று கேலி செய்வோம்.

சேர்ந்த பிறகு அவர் கோட்டு போட்டார். உலக சபையில் எங்கள் நாற்காலி கடைசி வரிசையிலிருந்து இரண்டாவது வரிசைக்கு வந்தது. அந்த இரண்டாவது வரிசையைத் தொலைக்காட்சியில் மூன்று நாள் காட்டினார்கள். பெரிய பெரிய நாட்டு மந்திரிகள் எங்கள் ஆளிடம் குனிந்து ஏதோ கேட்பதைப் பார்த்து ஊரே பூரித்தது. அந்த மாதமே ஒரு ஏழை நாட்டைத் தண்டிக்க ஆர்டேன் கையைத் தூக்கியது. எங்கள் கையும் கூடவே உயர்ந்தது. பஞ்ச வருஷத்தில் எங்களுக்கு இரண்டு கப்பல் அரிசி அனுப்பிய நாடு அது.

“அந்த அரிசியத்தானக்கா நாம பொங்கித் தின்னோம்?” என்று பிரகாசி கேட்டாள். நான் தொலைக்காட்சியை அணைத்தேன். அரசாங்கச் சம்பளம்.

பிறகு மாதாமலை உச்சியில் ஆர்டேனின் ராடார் வந்தது. கூட்டமைப்பு சொன்னதால் எதிர்க்கரையில் இருந்த எங்கள் தூதரகத்தை மூடினோம். கொம்பன்பாரில் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு கொடிகளை நட்டு, அது முழுக்க எங்களுடையது என்று அறிவித்தோம்; கொடி ஏறும்போதெல்லாம் எதிர்க்கரையிலிருந்து குண்டு வந்து துறைமுகத்துக் கடலில் விழுந்தது. கருவாடு போவது நின்றது.

புரட்டாசி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அபாயச் சங்கு ஊதியது.

குடியிருப்புக்கு அடியில் ஒரு பதுங்கறை உண்டு. நூற்றைம்பது பேர் கொள்ளும். கடைத்தெருவே அங்கே ஓடி வந்தது. நான் வாசலில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: “விருந்தாளிங்க முதல்ல! விருந்தாளிங்க போகட்டும்!” யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. சனங்கள் தாங்களாகவே ஒதுங்கி, தங்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். ஆர்டேன்காரர்கள் எங்கெங்கோ இருந்து வர நேரமாயிற்று. லீனா செருப்பைத் தேடினாள். ஒரு கிழவர் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் நாய்க்கும் வழி விட்டோம்.

பிரகாசி படியில் நின்றாள். அவளுடைய மகள் ஜெனோவா எப்படியோ மிரெலின் கையைப் பிடித்தபடி உள்ளே போய்விட்டாள். டோரிக்தான் கடைசி. அவர் தயங்கினார்.

“நீங்கள் முன்னே செல்லுங்கள்.”

“அட, போங்கண்ணே, எங்க ஊருக்கு வந்திட்டு நீங்க வெளிய நிப்பீங்களா?” என்று பிரகாசி அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள்.

அவர் உள்ளே விழுந்தார். நானும் விழுந்தேன். படி இருந்த இடத்தில் படி இல்லை.

அன்றைக்கு வடமுனையில் இருநூற்றுப் பதினான்கு பேர் செத்தார்கள். கோயில் மண்டபம் இடிந்தது. நாற்பது ஆர்டேன்காரர்களில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. டோரிக்கின் சுண்டுவிரலில் ஒரு சிராய்ப்பு.

கப்பல் வரும் என்று நாலு நாள் கடலைப் பார்த்தோம். ஐந்தாம் நாள் தலைநகரிலிருந்து துணைச் செயலாளர் இன்னாசி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பையன், யாரையும் கோபித்துப் பேச மாட்டான். என் வீட்டில் பிரகாசி படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று சிலுவை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தான்.

“கப்பல் எப்ப தம்பி வரும்?”

“வராதுக்கா. தராசு சாயல.”

“இருநூத்திப் பதினாலு பேரு தம்பி.”

“தெரியும்க்கா. அதுக்கு அங்க என்ன எடைன்னு வந்திருக்கு. சுத்தமா ஒண்ணுமில்லன்னு சொல்ல முடியாது. அவுங்க ஊர்ல ரயில் பத்து நிமிஷம் லேட்டா வந்தா சனங்க எவ்வளவு பதறுவாங்களோ, ஏறக்குறைய அவ்வளவு.” பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தடவிக்கொடுத்தான். “டோரிக் சாரோட விரல் இருக்கே, அதுக்கு இதைவிட ஜாஸ்தி. நாலு மடங்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக, அந்த நேரத்தில் சிரிப்புத்தான் வந்தது.

“உங்கள யாருக்கா வாசல்ல நின்னு அவுங்கள முதல்ல விடச் சொன்னது?”

“யாரும் சொல்லல. விருந்தாளிய வெளிய நிக்க வச்சிட்டு நாம எப்படி தம்பி போயி உள்ள உக்காருறது?”

“அதேதான். இந்த உடன்படிக்கைய எழுதினவன் உலகத்துல எல்லாத்தையும் யோசிச்சிருக்கான். இப்படி ஒரு சனம் இருக்கும்னு யோசிக்கல.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “குண்டு விழுந்தா நாற்பது பேருல ஏறக்குறைய எல்லாரும் போவாங்க, தராசு சாயும், அப்படின்னுதான் கணக்கு. நாம அவுங்கள மூடி மூடிக் காப்பாத்திட்டோம்.”

“இப்ப என்ன செய்ய?”

“வாடைக்காத்து தொடங்குறதுக்குள்ள எதிர்க்கரைக்காரன் இங்க இறங்கப் போறான். படகெல்லாம் சேத்துக்கிட்டு இருக்கான், ராடார்ல தெரியுது. தீவுல நாற்பத்தோராயிரம் சனம். நம்ம கிட்ட இருக்கிறது ரெண்டு ரோந்துப் படகு.”

“முன்ன மாதிரி கருவாடக் கொண்டு போயி பேசிப் பாக்கக்கூடாதா?”

“யாரு போறது? தூதரகத்த நாமதான மூடினோம். கூட்டமைப்புல இருந்துக்கிட்டு தனியா ஒருத்தன் கிட்டப் பேசினா துரோகம்னு பதினேழாவது ஷரத்து.”

“அப்ப விலகிருவோம்.”

“பத்து வருஷம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும்க்கா.”

ஜெனோவா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“முப்பத்தெட்டு” என்றான் இன்னாசி.

“என்னது?”

“முப்பத்தெட்டு பேர். குறையக் கூடாது. பெரியவங்க மட்டும் போனா, வேலைக்குப் போன எடத்துல செத்தான்னு அங்க இருக்கிறவன் மறந்துருவான். பிள்ளைகளும் இருக்கணும். நாற்பதுல ஒரு பொண்ணு பிரசவத்துக்குத் தலைநகர் ஆஸ்பத்திரில இருக்கு. புருஷனும் கூட. மிச்சம் சரியா முப்பத்தெட்டு.”

நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அணைத்தேன்.

அவன் குரல் மாறவே இல்லை. “முப்பதாம் நாள் சாப்பாடு எப்பக்கா?”

“வர்ற எட்டாந்தேதி. ஞாயிற்றுக்கிழமை.”

“கோயில் மண்டபம் இல்ல. எங்க போடுவீங்க?”

“துறைமுகத்துல வலைக்கொட்டகைல.”

“அவன் குறி வைக்கிறது எப்பவும் துறைமுகம்தான். போன தடவ கொஞ்சம் தள்ளி விழுந்துட்டு.” தாளை மடித்தான். “கொம்பன்பார்ல நாம ஒரு கொடி ஏத்தினா ரெண்டு மணி நேரத்துல சுடுறான். இதுவரைக்கும் தப்பினதில்ல. அன்னிக்குப் பதினொன்றரைக்குப் பதிமூணாவது கொடி ஏத்துறோம். முதல் பந்தில யாரக்கா உக்கார வைப்பீங்க?”

“விருந்தாளிங்கள.”

“அப்படியே வைங்க. உங்க பழக்கம் எப்படியோ அப்படியே.”

படியிறங்கும்போது திரும்பி நின்று, “நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா. சங்கு மட்டும் அன்னிக்கு ஊதாது” என்றான்.

ஊருக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஆனால் எட்டாம் தேதி திருப்பலி முடிந்ததும் சனங்கள் வீட்டுக்குப் போகவில்லை, கொட்டகைக்கும் வரவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பதுங்கறைகளுக்கும் பாறைக் குகைகளுக்கும், ஏதோ பழகின வேலைக்குப் போகிற மாதிரி போனார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

ஆர்டேன்காரர்கள் நேரத்துக்கு வந்தார்கள். எப்போதும் நேரத்துக்கு வருவார்கள். நான் ஒவ்வொருவருக்கும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலை, பிள்ளைகளுக்கு வெள்ளைப் பாவாடை சட்டை எடுத்து வைத்திருந்தேன். துக்கத்துக்கு உட்காருகிற சொந்தங்களுக்குக் கொடுக்கிற துணி. யாரும் கேட்கவில்லை. அதைக்கூடச் செய்யாமல் எப்படி அவர்களை உட்கார வைப்பது? ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அவர்கள் அதைக் கட்டிக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாய் வைத்திருந்த கிழவருக்கு வேட்டி நிற்கவில்லை, நான்தான் இறுக்கிக் கட்டிவிட்டேன். செத்தவர்கள் பெயரை வாசித்தபோது லீனா ஏங்கி ஏங்கி அழுதாள். பிரகாசியின் பெயர் வந்தபோது எல்லோருமே அழுதார்கள். பிறகு சோறு போட்டுச் சாப்பிடத் தொடங்கியும் அழுகை நிற்கவில்லை, அழுதுகொண்டே லீனா கைபேசியில் ஒரு படம் எடுத்து ஆர்டேனுக்கு அனுப்பினாள்.

நானும் மூன்று கிழவர்களும் பரிமாறினோம். சோறு, பருப்பு, முருங்கைக்காய், அவியல். துக்கத்தை முடித்துவைக்கிற சாப்பாடு, ஆகவே கடைசியில் பாயசம் உண்டு. மணி ஒன்று ஆகப் பத்து நிமிஷம். கிழவர்கள் ஒவ்வொருவராகப் பாத்திரத்தை எடுக்கப் போகிறேன் என்று வெளியே போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை.

டோரிக் கையால் பிசைந்து அழகாகச் சாப்பிடுவார். அன்றைக்குக் கை இலையில் அப்படியே நின்றது. வாசலைப் பார்த்தார், பிறகு என்னை.

“அம்மையீர், இரண்டாம் பந்திக்கு யாருமே வெளியில் காத்திருக்கவில்லையே.”

நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டு நின்றேன்.

“எத்தனை பேர் வேண்டுமாம்?” என்றார், பக்கத்தில் இருக்கிற லீனாவுக்குப் புரியாத தமிழில், சிரித்த முகத்தோடு.

“முப்பத்தெட்டு.”

அவர் வரிசையைக் கண்ணால் எண்ணினார். எண்ணி முடித்துத் தலையசைத்தார். “உங்கள் தங்கை நின்றிருக்க வேண்டிய இடத்தில் நான் ஒரு மாதமாக நின்றுகொண்டிருக்கிறேன். எழுந்து ஓட எனக்கு உரிமை இல்லை. இவர்களிடமும் சொல்ல மாட்டேன். ஆனால்...” ரசம் ஊற்றுவதற்காக நான் குனிந்தேன். அவர் என் காதருகே சொன்னார்: “மிரெலுக்கு வயிற்றுவலி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் படுக்க வையுங்கள். முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் தராசு என்ன அவ்வளவு பார்க்கப்போகிறது?”

“சரிண்ணே.”

மிரெலின் கையைப் பிடித்து எழுப்பினேன். “வாடி, ஒனக்கு வயித்துவலின்னு அப்பா சொன்னாரு, வீட்டுக்குப் போவோம்.” அவள் வெள்ளைப் பாவாடையில் பருப்பு சிந்தியிருந்தது. கேள்வி கேட்காமல் வந்தாள். டோரிக் எங்களைப் பார்க்கவில்லை. மறுபடி பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.

கொட்டகையிலிருந்து பதுங்கறைக்கு இருநூறு அடி. நூறடி நடந்திருப்போம். மிரெல் பேசிக்கொண்டே வந்தாள்.

“ஜெனோவா ஏன் சாப்பிட வரல?”

“அவ அங்க இருக்கா.”

“எனக்கு வயித்துவலியே இல்ல. அப்பா ஏன் பொய் சொன்னாரு?”

முப்பத்தேழு. நான் வேறு எதையும் நினைக்கவில்லை. இன்னாசி ‘குறையக் கூடாது’ என்று சொன்னது, ஜெனோவா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது, நாற்பத்தோராயிரம் சனம், அத்தனைக்கும் ஒன்று குறைகிறது. அந்த ஒன்று என் கையில் சூடாக இருந்தது. பிரகாசியை நான் வாசலில் நிறுத்திய அதே கை.

நின்றேன்.

“மிரெல், நீ பாயசம் சாப்பிட்டியா?”

“இல்ல. போடவே இல்லியே.”

“அத விட்டுட்டு வரலாமா? போ, ஓடிப் போயி அம்மா பக்கத்துல உக்காரு. பாயசம் குடிச்சிட்டு வா. நான் இங்கயே நிக்கேன்.”

ஓடினாள். வாசலில் நின்று திரும்பிக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். உள்ளே டோரிக் அவளைப் பார்த்தபோது முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்காமல் நடந்தேன்.

பதுங்கறையில் எண்பது பேர் இருந்தார்கள். விருந்தாளிகள் எங்கே என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஜெனோவா மட்டும் கேட்டாள்.

“மிரெல் எங்க பெரியம்மா?”

“சாப்பிடுறா.”

ஒன்று ஐந்துக்கு முதல் குண்டு விழுந்தது. இந்தத் தடவை குறி தப்பவில்லை.

கடலைப் பார்த்து நின்றோம், ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். இன்னாசி வந்தபோது செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றான். தாளை நீட்டினான்.

“சாயலக்கா.”

“முப்பத்தெட்டும் சரியா இருந்தாங்களே தம்பி. நானே...”

“எண்ணிக்கை சரி. ஆளுதான் சரியில்ல.” கைபேசியைக் காட்டினான். லீனா எடுத்த படம். தரையில் இலை முன்னால் வரிசையாக, வெள்ளை வேட்டியும் சேலையுமாக, கையெல்லாம் பருப்பாக, எங்கள் செத்தவர்களுக்காக அழுகிற முகங்கள். வெயிலில் இரண்டு வருஷம் கறுத்த முகங்கள். “செய்தியோட இந்தப் படம்தான் அங்க எல்லா வீட்டுக்கும் போச்சு. அதுவரைக்கும் அவுங்க பாத்ததெல்லாம் பழைய படம், பனித்தொப்பி போட்டுக்கிட்டு விமானம் ஏறுற படம். இதப் பாத்தாங்க. யாரோ தீவுக்காரங்க சாப்பிடுறாங்கன்னு பாத்துட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க.”

“பிள்ளைங்க இருந்துச்சே.”

“பாவாடை சட்டைல.”

அவன் தாளை வாங்கி வாசித்தான். வடமுனை, இரண்டாம் தாக்குதல், உயிரிழந்த தீவினர் முப்பத்தெட்டு, எடை இல்லை. ஆர்டேன் குடிமக்கள் என்ற வரிக்கு நேரே ஒரு கோடு போட்டிருந்தது.

“உங்கள யாருக்கா துணி கொடுக்கச் சொன்னது?” என்றான். அழுதுகொண்டுதான் கேட்டான்.

கடவுள் புண்ணியத்தில் வாடைக்காற்று அந்த வருஷம் பத்து நாள் முன்னதாகவே தொடங்கிவிட்டது. கடல் புரண்டது. எதிர்க்கரைக்காரன் படகுகளைக் கரையேற்றிவிட்டான். இனி மாசி மாதம்தான். உலக சபையில் எங்கள் நாற்காலி இரண்டாவது வரிசையில் அப்படியே இருக்கிறது. மார்கழியில் இன்னொரு நாட்டைத் தண்டிக்க ஆர்டேன் கையைத் தூக்கியது. எங்கள் கையும் உயர்ந்தது.

உடன்படிக்கைப்படி சாட்சிக் குடும்பங்களுக்கான இடம் காலியாக இருக்கக் கூடாது. தை பிறந்ததும் பன்னிரண்டு புதிய குடும்பங்கள் வந்தன. அதற்கு முந்தின வாரம் அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊர்க்கூட்டம் போட்டு நான்தான் வாசித்தேன். குடியிருப்பினரோடு உணவு பகிரக் கூடாது. உடை தரக் கூடாது. பெயர் கேட்கவோ சொல்லவோ கூடாது. அவர்கள் பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் விளையாடக் கூடாது. தமிழில் பேசினால் பதில் சொல்லக் கூடாது. யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

அவர்கள் கப்பலிலிருந்து இறங்கியபோது ஊரே துறைமுகத்தில் நின்றது, யாரும் சிரிக்காமல். இன்னாசி என் பக்கத்தில். வரிசையில் மூன்றாவதாக ஒரு சின்னப் பெண், ஐந்து வயதுக்கு மேல் இருக்காது, பெரிய பனித்தொப்பி கண்ணை மறைக்க, பாசி பிடித்த படியில் கால் வைத்தாள். வழுக்கிவிட்டது. முகம் குப்புற விழுந்தாள். நெற்றி பட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவளுடைய அம்மா பின்னால் பெட்டிகளோடு வெகுதூரத்தில் இருந்தாள்.

நூறு பேர் நின்றோம். ஒருத்தர் அசையவில்லை. குழந்தை தலையைத் தூக்கி, ரத்தம் வழிய, எங்களில் யாராவது வருவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.

“நல்லது” என்று இன்னாசி முணுமுணுத்தான். “அப்படியே நில்லுங்க.”

என் கை மட்டும் தானாக நீண்டுவிட்டது. ஜெனோவா அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.